ஆறாவது பல்

செவ்வாய்க்கிழமைப் படகில் வருகிறேன்.
மடக்கு நாற்காலி, தலையில் கட்டும் விளக்கு, இரண்டு பெட்டி.
சிலோயேக்குக் கிழக்கே இந்தச் சிறு தீவில்
பள்ளியின் வரைபட அறைதான் மருத்துவமனை.
ஓதம் வடியுமுன் முடித்தாக வேண்டும்,
இல்லையேல் படகு சேற்றில் உட்கார்ந்துகொள்ளும்.

அனாயீஸ் லெபியோ, வயது ஒன்பது.
சீட்டில் ஆசிரியர் கையெழுத்து:
பல் துலக்குவதில்லை, கேட்டால் பொய் சொல்கிறாள்.

வாயைத் திறந்தாள்.
பால்பற்கள் ஒன்றிலும் பழுதில்லை.
கீழே, ஆறு வயதில் முளைத்த கடைவாய்ப்பல் மட்டும்
இருபுறமும்
மழையில் கிடந்த சுண்ணாம்புக்கட்டியாய்
பழுப்பேறி, ஓரம் உதிர்ந்து.
மேல் முன்பல்லில் பாலேட்டின் நிறத்தில் ஒரு திட்டு.

இது துலக்காத வாய் இல்லை.
துலக்கினால் வலிக்கிற வாய்.
குழாய்த் தண்ணீர் பட்டதும்
காதுவரை ஒரு கம்பி இழுக்குமாம்.
சொல்லித்தான் இருக்கிறாள், எல்லோரிடமும்.
பல்லிருந்தும் சொல் போயிருந்தது.

சிப்பித் தொழிற்சாலையிலிருந்து
ரப்பர் பூட்ஸ் கழற்றாமல் வந்தாள் அம்மா, யெசேனியா.
நான் என்ன தப்புச் செய்தேன் என்றாள்.
மிட்டாயா? மாத்திரையா?
சீக்கிரம் வேலைக்குப் போனதா?

என்ன சொல்ல.
எனாமல் கட்டும் செல்கள்
பல் வெளிவருமுன்பே வேலை முடிந்து செத்துவிடுகின்றன.
எலும்பு கூடும். தோல் கூடும்.
இதைத் திரும்பக் கட்ட ஆளில்லை.
பிறந்த நாளுக்கே ஒரு கோடு உண்டு அந்தப் பல்லுக்குள்,
நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன், முடி போல.

பத்தாம் மாதம் காய்ச்சல் என்றாள்.
பதினொரு நாள்.
வடகாற்றில் துறைமுகம் மூடி, படகு வரவில்லை.
அதுதானா?

இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.
இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது.
உன்னால் இல்லை என்றேன்.
மகளை ஊர் நம்பாதது போலவே
அவள் என்னை நம்பவில்லை.

ஊசி போட்டேன். உதடு மரத்தது, பல் மரக்கவில்லை.
இந்தப் பற்கள் அப்படித்தான்.
இன்னொன்றும் போட்டேன். தொட்டேன்.
வலிக்குது, என்றாள், அழாமல்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் லிசார்தோ
இதே சொல்லைச் சொன்னான்.
மரத்தாச்சு, வலிக்காது என்று
நான் துரப்பணத்தை நிறுத்தவில்லை.
இன்று துறையில் என் பெட்டிகளைத் தூக்கித் தருகிறவன் அவன்.
சிரிக்கும்போது கையால் வாயை மூடுவான்.
எனக்கு இன்றுவரை திறந்து காட்டியதில்லை.

கருவியைக் கீழே வைத்தேன்.
கண்ணாடிச் சிமெண்டால் மேலே மூடினேன், தற்காலிகமாக.
வெதுவெதுப்பான நீரில் துலக்கு,
மற்றது பிறகு.
ஆசிரியருக்கு ஒரு சீட்டு எழுதினேன். இரண்டே வரி, கொஞ்சம் கோபமாக.

காஸ்த்ரோவில் எடுத்த எக்ஸ்ரேயில்
தாடைக்குள் ஏழாவது பல்
வேர் இரண்டாய்ப் பிரியத் தொடங்கியிருந்தது.
இதுதான் பருவம்.
இப்போது ஆறை எடுத்தால் ஏழு நகர்ந்து அந்த இடத்துக்கு வரும்.
தாமதித்தால் சாய்ந்துவிடும்.
யெசேனியா கையெழுத்துப் போட ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள்.

மயக்கத்தில் எடுத்தோம்.
தீப்பெட்டியில் கொண்டுபோனாள் இரண்டையும்.
படகில் நகத்தால் அழுத்திப் பார்த்தாளாம்,
சீனிக்கட்டி மாதிரிச் சில்லு பெயர்ந்ததாம்.
இதை வைத்தா நான் சாப்பிட்டேன் என்றாளாம்.

முன்பல் திட்டு ஒன்றும் செய்யாது, விட்டுவிடலாம் என்றேன்.
வெள்ளிக்கிழமை வகுப்பு போட்டோ என்றாள்.
வியாழனே பூசிக்கொடுத்தேன்.

மூன்று இலையுதிர்காலம் போய்விட்டது.
ஏழு வந்து ஆறின் இடத்தில் நிற்கிறது,
கொஞ்சம் திரும்பினாற்போல்.
பாதகமில்லை.
இன்று துறையில் ஆப்பிள் மூட்டை இறங்கியது.
ஒன்றை எடுத்தாள், காலைக்குளிர் அதில் அப்படியே இருந்தது.
கடிக்கும் முன்
கோட்டில் துடைக்கிற மாதிரி
கக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் சூடாக்கினாள்.

யாரும் கவனிக்கவில்லை.
லிசார்தோ கவனித்தான்.
பெட்டியை இறக்கிவைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.